கைக்கு முன்னால் முதுகு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு மணி அடித்ததும் பவர் டேபிள்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா இடப்பக்கம் கையை நீட்டுகிறார். வெட்டி அடுக்கிய பீஸ்களில் மேலே இருக்கும் இரண்டை எடுத்து ஓரம் சேர்த்து, ஊசிக்கடியில் வைத்துப் பெடலை மிதிக்கிறார். துணி சர்ரென்று ஓடி முடிகிறது. தைத்ததைத் தள்ளிவிட்டு மறுபடியும் இடப்பக்கம் கை நீள்கிறது.

இதில் முதலில் அசைந்தது எது? கை என்றுதான் சொல்வோம். கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். ஆனால் அவ்வளவு வேகமாக நீளும் கைக்குத் தோள்தசை சுருங்கத் தொடங்கும் முன்பே வயிற்றிலும் முதுகிலும் சில தசைகள் இறுகியிருக்கும். கை நீளப்போகிறது என்ற சேதி அவற்றுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்துகொண்டு செய்யக்கூடிய வேலையும் இல்லை அது.

ஒரு பீஸுக்கு 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 240 பீஸ். எட்டு மணி நேர ஷிப்டில் 1,920. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 2,880. அத்தனை முறையும் கைக்கு முன்னால் முதுகு தயாராகிறது. நம் நரம்பு மண்டலம் செய்யும் மிக நுட்பமான வேலைகளில் ஒன்று அங்கே, பஞ்சுத் தூசிக்கும் மெஷின் சத்தத்துக்கும் நடுவே, நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் நாம் “உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே” என்று சொல்லிவிடுகிறோம்.

மாஸ்கோவில் உயர்ந்த கை

இந்த முன்னேற்பாட்டை முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர்கள் மாஸ்கோவைச் சேர்ந்த பெலென்கி, குர்ஃபிங்கெல், பால்ட்செவ் ஆகிய மூவர். ஆண்டு 1967. சோதனை மிக எளிமையானது. ஒருவரை நிற்கவைத்து, சைகை கிடைத்ததும் கையைச் சட்டென்று முன்னால் உயர்த்தச் சொன்னார்கள். தசைகளில் எழும் மின்சாரத்தைக் கருவி வரைந்துகொண்டே வந்தது. தோள்தசையின் கோடு துள்ளுவதற்கு முன்பே, தொடையின் பின்புறத் தசையும் முதுகுத் தசையும் துள்ளியிருந்தன.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது இரண்டரைக் கிலோ. அந்த எடையை வேகமாக ஒரு பக்கம் வீசினால் உடல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். கை நீண்டபின் உடலின் எடைமையமும் இடம் மாறும். தள்ளல் வருவதற்கு முன்பே அதற்கு எதிராக ஊன்றிக்கொண்டால்தான் கை குறி தவறாமல் போய்ச் சேரும்.

1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் இதே சோதனையை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுச் சுவரின் அடியடுக்கில், இடுப்பை ஒரு கச்சைபோலச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை ஒன்று உண்டு. அதற்குள் மயிரிழை போன்ற மின்கம்பிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். கையை முன்னால் உயர்த்தினாலும் பின்னால் வீசினாலும் பக்கவாட்டில் தூக்கினாலும் இந்தத் தசை தோள்தசையைச் சில பத்து மில்லிவிநாடிகள் முந்திக்கொண்டது. ஒரு மில்லிவிநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடிக்கடி இடுப்புவலி வந்துபோனவர்களிடமோ, வலி இல்லாத நாளிலும், இதே தசை பிந்தித்தான் விழித்தது.

இதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். கை மெதுவாக உயர்ந்தால் இந்த முன்னோட்டம் இல்லை. விரலையோ மணிக்கட்டையோ மட்டும் அசைத்தாலும் இல்லை. எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் நகரப்போகிறது என்று நரம்பு மண்டலம் முதலில் கணக்குப் போடுகிறது. அதற்கேற்றபடிதான் இடுப்பை இறுக்குகிறது. ஊசியருகே துணியை வழிநடத்தும் விரல்களுக்கு முதுகின் முன்னேற்பாடு வேண்டியதில்லை. பீஸ் எடுக்க நீளும் கைக்கு வேண்டும்.

இதை நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவருக்கு விளக்குவது எளிது. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூல் அறுந்தால் விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். அது தவறு நடந்தபின் செய்யும் திருத்தம். ஆனால் அதே மெஷினில் பீடர் என்ற உறுப்பு, ஊசி நூலைக் கேட்டு இழுக்கும்வரை காத்திருப்பதில்லை. ஊசிக்கு எவ்வளவு நூல் தேவைப்படும் என்பதை மெஷினின் ஓட்டத்திலிருந்தே எடுத்து, அளந்து ஊட்டிக்கொண்டே இருக்கிறது. துணி சீராக விழுவது பீடரால். நம் உடலிலும் இரண்டு ஏற்பாடுகளும் உண்டு. நிலை தடுமாறியபின் சரிசெய்யும் அனிச்சைச் செயல் விளக்கு எரிவதைப் போன்றது. கைக்கு முன்னால் முதுகு இறுகுவது பீடரைப் போன்றது. அனிச்சைச் செயல் எவ்வளவு வேகமானாலும் சேதி தண்டுவடத்துக்குப் போய்த் திரும்ப நேரம் ஆகும். தசையில் மின்சாரம் எழுந்தபின் அது விசையாக மாறவும் நேரம் ஆகும். அதற்குள் கை பாதி தூரம் போய்விடும்.

ஒன்பது கிலோவுக்கு வளையும் தூண்

முதுகெலும்பைத் தூண் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆய்வகத்தில் அந்தத் தூணைத் தனியே நிறுத்திப் பார்த்தார்கள். இறந்தவர்களின் உடலிலிருந்து இடுப்புப் பகுதி முதுகெலும்பை, எலும்பை எலும்போடு கட்டும் நார்களும் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் அப்படியே இருக்க, தசைகளை மட்டும் நீக்கி எடுத்து, மேலிருந்து மெல்ல அழுத்தினார்கள். ஏறத்தாழ 90 நியூட்டன் விசையில், அதாவது ஒன்பது கிலோ பாரத்தில், அது நெளிந்து சரிந்தது. நம் தலையும் தோளும் கைகளும் சேர்ந்தாலே அதைவிட அதிக எடை. ஆக, நம்மை நிமிர்த்தி வைத்திருப்பது எலும்பு மட்டும் இல்லை. பந்தல் போடுகிறவர்கள் நட்டுவைத்த நெடுங்கம்பத்துக்கு நாலாபக்கமும் இழுகயிறு கட்டுவதுபோல, தசைகள் சுற்றிலும் நின்று இழுத்துப் பிடிப்பதால்தான் நிற்கிறோம்.

அந்தக் கயிறுகள் அமைந்திருக்கும் விதம் துணி தெரிந்தவர்களை வியக்கவைக்கும். வயிற்றுச் சுவரில் நான்கு தசைகள். ஒன்று நெட்டில் ஓடுகிறது. ஒன்று குறுக்கில் சுற்றுகிறது. மீதி இரண்டும் எதிரெதிர்ச் சாய்வில், டெய்லர்கள் சொல்வதுபோல் ‘கிராஸாக’, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. எந்தத் திசையில் இழுத்தாலும் ஏதாவது ஓர் அடுக்கு தாங்கிக்கொள்ளும். பின்புறம் முள்ளெலும்புகளை ஒட்டினாற்போல் மல்டிஃபிடஸ் என்ற தசை, சிறுசிறு தையல்களைப் போல ஓரிரண்டு எலும்புகளைத் தாண்டித் தாண்டிக் கட்டுகிறது. அதன்மேல் நீண்ட வடங்களாக முதுகை நிமிர்த்தும் தசைகள் ஓடுகின்றன.

இத்தனை கயிறு இருந்தாலும் எல்லாவற்றையும் முழு பலத்தோடு இழுத்தால் முதுகு மரக்கட்டையாகிவிடும், வட்டுகள் நசுங்கும். சும்மா நிமிர்ந்து நிற்கத் தசைகளின் உச்ச வலிமையில் சில சதவீதமே போதும். எந்தக் கயிற்றை எப்போது எவ்வளவு இழுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. அந்தத் திறமை தசையில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

நிலை மாறினால் கணக்கும் மாறும்

ஒரு பனியன் கம்பெனிக்குள் காலை முதல் மாலை வரை சுற்றி வந்தால் மனித உடல் எடுக்கக்கூடிய நிலைகள் பெரும்பாலும் கண்ணில் படும். அயர்ன் மாஸ்டர் நிற்கிறார். கட்டிங் மாஸ்டர் மேசைமேல் சாய்ந்து எட்டுகிறார். டெய்லர் உட்கார்ந்திருக்கிறார். பீஸ் கட்டுகளை எடுக்கிறவர் குனிகிறார். பிசிறு வெட்டும் அம்மாக்கள் தரையில் சம்மணமிட்டிருக்கிறார்கள். கை செய்யும் அசைவு ஒன்றேயானாலும் இந்த ஐந்து நிலைகளிலும் நரம்பு மண்டலம் ஐந்து விதமாக ஏற்பாடு செய்கிறது.

அதற்கு முதலில் தெரியவேண்டியது, உடலைத் தாங்குவது எது என்பது. அந்தத் தகவல் பல இடங்களிலிருந்து வருகிறது. பாதத் தோலில் அழுத்தம் எங்கே, உட்காரும் எலும்புகளில் பாரம் எவ்வளவு, உட்செவித் திரவம் எப்படி அசைகிறது, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றெல்லாம் சேதி வந்துகொண்டே இருக்கும். தசைகளுக்குள்ளேயே சில மில்லிமீட்டர் நீளத்தில், நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பிய நுண்ணுறுப்புகளும் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நீள்கிறது என்று அவை ஓயாமல் தெரிவிக்கின்றன. அவற்றின் பெயர் தசைக்கதிர். நூல் சுற்றும் கதிரைப் போன்ற வடிவத்தால் வந்த பெயர். மில்லின் பலத்தை எத்தனை கதிர் ஓடுகிறது என்று சொல்லி அளக்கும் கொங்கு நாட்டாருக்கு, அவரவர் முதுகுக்குள்ளும் கதிர்கள் உண்டு என்பது பிடித்துப்போகும்.

தாங்கல் மாறினால் திட்டமும் மாறும் என்பதை 1982இல் அமெரிக்காவில் கார்டோ, நாஷ்னர் இருவரும் அழகாகக் காட்டினார்கள். நின்றபடி ஒரு கைப்பிடியை இழுப்பவருக்குக் கைத்தசைக்கு முன்பே கெண்டைக்கால் தசை இறுகியது. அதே ஆள் மார்பை ஒரு சட்டத்தில் சாய்த்துக்கொண்டு இழுத்தபோது, கெண்டைக்காலின் முன்னோட்டம் மறைந்துபோனது. சட்டம் தாங்கிக்கொள்ளும் என்று நரம்பு மண்டலம் கண்டுகொண்டது, காலுக்கு ஓய்வு கொடுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு துணி விரிக்கும் கட்டிங் மாஸ்டரின் உடலிலும் இப்படிப்பட்ட கணக்குத்தான் ஓடுகிறது.

குனியும்போது நடப்பது இன்னும் வியப்பானது. நின்றபடி மெல்லக் குனிந்தால் முதுகை நிமிர்த்தும் தசைகள் உடலைப் பிடித்துப் பிடித்து இறக்குகின்றன. குனிந்து அடிமட்டத்தை நெருங்கும்போது அவை திடீரென்று அடங்கிவிடுகின்றன. 1950களில் லண்டனில் ஃபிளாய்டு, சில்வர் என்ற இருவர் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்த ஆழத்தில் பாரத்தை முள்ளெலும்புகளைக் கட்டும் நார்களும் நீண்டு விறைத்த திசுக்களும் ஏற்கின்றன. கூன்போட்டு உட்கார்ந்திருப்பவரின் முதுகிலும் இதே மௌனத்தைக் காணலாம். உடனடிக் கணக்கில் அது சிக்கனம். ஆனால் அந்த நார்கள் பனியன் துணியைப் போன்றவை. நெடுநேரம் இழுத்து வைத்தால் தளர்ந்துபோகும். தளர்ந்த நாரிலிருந்து சேதி பிந்தி வரும். முதுகைக் காக்கும் அனிச்சைச் செயல் மந்தமாகும். பழைய நிலைக்கு மீளப் பல மணி நேரம் பிடிக்கும் என்று மோஷே சோலமனோவ் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. நெடுநேரம் கூன்போட்டுத் தைத்தவர் சட்டென்று எழுந்து பாரமான கட்டைத் தூக்கும்போது “இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க” என்று சொல்வதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது.

வட்டுகளுக்குள் உள்ள அழுத்தத்தையும் நேரடியாக அளந்திருக்கிறார்கள். 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கெ குழுவினர், தாமாக முன்வந்த ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் சிறு உணரியை வைத்து அவரது அன்றாட வேலைகளைப் பதிவு செய்தார்கள். மல்லாந்து படுத்தால் 0.1 மெகாபாஸ்கல். நின்றால் 0.5. சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 0.46. முன்னால் குனிந்து நின்றால் 1.1. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது அது 1.7 ஆகக் குறைந்தது. நிற்பதைவிட உட்கார்ந்தால் அழுத்தம் கூடும் என்று ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களிலேயே அளந்து சொல்லியிருந்தார். ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் என்றாலும், வில்கெயின் எண்கள் நிற்பதும் உட்கார்வதும் ஏறக்குறைய சமம் என்றன. உட்கார்வதே தீங்கு, நிற்பதே நல்லது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மூச்சுத் தசைக்கு இரண்டு முதலாளிகள்

நடுவுடலின் மேற்கூரையாக இருப்பது உதரவிதானம். மூச்சை இழுக்கும் முதன்மைத் தசை அது. கையை வேகமாக அசைக்கும்போது இந்தத் தசையும் முன்கூட்டியே இறுகுகிறது என்று 2000ஆம் ஆண்டுவாக்கில் ஹாட்ஜஸும் சைமன் காண்டேவியாவும் காட்டினார்கள். மேலே உதரவிதானம், சுற்றிலும் வயிற்றுச் சுவர், அடியில் இடுப்புத் தளத் தசைகள். மூன்றும் சேர்ந்து இறுகினால் வயிறு காற்றடைத்த பந்தைப் போலாகி முதுகெலும்புக்கு முன்புறமிருந்து முட்டுக்கொடுக்கும். மூச்சு விடும் தாளமும் நிமிர்த்தும் தாளமும் ஒரே தசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஓடுகின்றன.

இரண்டு முதலாளிகளும் ஒரே நேரத்தில் அழைத்தால்? அடுத்த ஆண்டு ஒரு சோதனையில், மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடி மூச்சிரைக்கும்படி செய்தார்கள். உதரவிதானம் மூச்சின் பக்கம் சாய்ந்தது. முதுகுக்குக் கொடுத்த முட்டு தளர்ந்தது. சித்திரை வெயிலில் பேக்கிங் பெட்டியை மூன்றாம் மாடிக்கு ஏற்றி, இரைக்க இரைக்க இறக்கிவைக்கும் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுக்கு அதிக உதவி தேவைப்படும் அந்த நொடியில்தான் அதன் காவலர்களில் ஒருவர் வேறு வேலையாகப் போயிருக்கிறார்.

விளக்கணைக்கும் வரை வேலை செய்யும் இழைகள்

கனமான எதையும் தூக்காத டெய்லருக்கு ஏன் தோளும் கழுத்தும் முதுகும் நோகின்றன? ஸ்வீடனைச் சேர்ந்த யோரன் ஹெக் 1991இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தசை என்பது பல இழைக் குழுக்களின் கூட்டம். மெல்லிய வேலைக்கு முதலில் சிறிய குழுக்களையே நரம்பு அழைக்கும். வேலை கூடக்கூடத்தான் பெரியவை வரும். வேலை குறையும்போது பெரியவை முதலில் போய்விடும், சிறியவை கடைசிவரை நிற்கும். விடியுமுன் எழுந்து எல்லாரும் தூங்கியபின் படுக்கும் கதைப்பெண்ணின் பெயரால் அவற்றைச் சிண்ட்ரெல்லா இழைகள் என்றார் அவர்.

தோளைச் சற்றே உயர்த்தி, தலையைச் சற்றே குனிந்து, நாள் முழுக்க ஊசியைப் பார்க்கும் வேலையில் தசையின் வலிமையில் மிகச் சிறு பங்கே செலவாகிறது. ஆனால் அந்தச் சிறு பங்கை மறுபடி மறுபடி அதே இழைகள் கொடுக்கின்றன. பாரம் குறைவு என்பதால் அவற்றுக்கு ஓய்வு கிடைத்துவிடுவதில்லை. தசை முழுக்க ஒரு கணமாவது அடங்கினால்தான் அவை இளைப்பாறும். நார்வேயில் பேக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த வேயர்ஸ்டெட் குழுவினர், தசையில் அப்படிப்பட்ட குறுகிய அமைதிகள் குறைவாக இருந்தவர்களுக்கே பின்னாளில் தோள்வலி அதிகம் வந்தது என்று கண்டார்கள். அந்த அமைதிகள் ஒரு விநாடிக்கும் குறைவானவை.

வலி வந்தபின் மூளையும் மாறுகிறது. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வோர் உறுப்பையும் அசைக்க ஓரிடம் உண்டு. கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம். நடுவுடலுக்கு மிகச் சிறிய இடம். நெடுநாள் இடுப்புவலி உள்ளவர்களிடம் குறுக்கு வயிற்றுத் தசைக்கான இடமே நகர்ந்து பரவியிருந்ததை 2008இல் ஹென்றி சாவோ குழுவினர் படமாக்கினார்கள். முறையாகப் பயிற்சி செய்தவர்களிடம் அது பழைய இடத்தை நோக்கித் திரும்பியதையும் பின்னர் காட்டினார்கள். வலி முதுகில் இருந்தாலும் அதன் சுவடு தலைவரை போகிறது. அங்கிருந்து திரும்பிவரவும் வழி இருக்கிறது.

இந்த ஆய்வுகளை வைத்து வயிற்றை எக்கிப் பிடித்தபடியே இருந்தால் முதுகு பிழைக்கும் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. குறுக்குத் தசையும் கையின் திசைக்கேற்ப இடம் ஒருவிதமாக, வலம் ஒருவிதமாக இயங்குகிறது. அதைத் தனியே பிரித்து எப்போதும் இறுக்கி வைப்பது உடலின் வழக்கமே இல்லை. வலி வரப்போகிறது என்று அஞ்சினாலே இந்த முன்னேற்பாடு குலையும் என்பதும் சோதனைகளில் தெரிந்தது. நலமான முதுகின் அடையாளம் விறைப்பு இல்லை. வேண்டும்போது இறுகும், வேண்டாதபோது தளரும்.

எழுவதற்கும் ஒரு நேரம்

அப்படியானால் உட்காரச் சரியான முறை எது என்று கேட்பார்கள். ஒரே சரியான முறை இல்லை என்பதுதான் இத்தனை ஆய்வுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் பதில். எந்த நிலையிலும் ஏதோ சில இழைகள் உழைக்கின்றன, ஏதோ சில நார்கள் இழுபடுகின்றன. நிலையை மாற்றினால் சுமை கைமாறுகிறது. நரம்பு மண்டலம் அந்தக் கைமாற்றத்தில் தேர்ந்தது. அதற்கு வாய்ப்புக் கொடுத்தால் போதும். சாய்மானமுள்ள நாற்காலி, உயரத்துக்கேற்ற மேசை, பெடலில் இல்லாத காலுக்கு ஊன்ற இடம், பீஸ்களை எட்டாத தூரத்தில் வைக்காத ஒழுங்கு, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது. இவை பெரிய செலவுகள் இல்லை.

நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில் சொன்னது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தியது. துணிக்கடைப் பெண்களின் கால்வலிக்குக் கிடைத்த நியாயம் அது. நிற்பவருக்கு உட்கார இடம் வேண்டும் என்று சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. உட்கார்ந்தே இருப்பவருக்கு எழ நேரம் வேண்டும் என்பதும் அதே நியாயம்தான்.

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து நிற்கும் இரண்டு நிமிடம் கூலியிலிருந்து போகிறது. அதனால் அவராக எழமாட்டார். டீ வரும்போதுதான் எழுவார். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்த நேரத்தில் சிண்ட்ரெல்லா இழைகள் அடங்குகின்றன, இழுபட்ட நார்கள் சுருங்கத் தொடங்குகின்றன, உதரவிதானம் முழுதாக இறங்கி ஏறுகிறது. ஒரு நாளில் ஈராயிரம் முறை கைக்கு முன்னால் ஓடிய முதுகு அது. அந்த இரண்டு நிமிடத்தையும் வேலை நேரமாகவே எழுதவேண்டும். முதுகு செய்த வேலை அதுவரை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.